சிவப்பு எழுத்துத் தேதிகள்

குழந்தைகளே!

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? காலையில் தாள் கிழிப்பது யார் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டைகூட வரும். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் பெரியவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பார்ப்பது எதை? தேதி சிவப்பு எழுத்தில் இருக்கிறதா என்பதைத்தானே! சிவப்பு என்றால் பள்ளிக்கு விடுமுறை.

ஆனால் ஒரு தேதி தானாகச் சிவப்பாகிவிடுவதில்லை. அதற்குப் பின்னால் யாரோ பட்ட பாடு இருக்கிறது. நம் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் பின்னால் எத்தனை பேர் பட்ட பாடு என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இந்த வாரம் இன்னொரு காலண்டரைப் புரட்டுவோம். அது ஆப்பிரிக்க மக்களின் காலண்டர். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டு, அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் வாழ்ந்த அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் காலண்டர்.

முதலில் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். மீதிப் பேர்? கப்பலின் அடித்தளத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டு, நோயிலும் தாகத்திலும் இறந்துபோனார்கள். கரை சேர்ந்தவர்களை ஆடு மாடுபோல விற்றார்கள். கரும்பு, பருத்தி, காபித் தோட்டங்களில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். பிறக்கும் குழந்தையும் முதலாளியின் சொத்துதான்.

இந்த மக்களுக்கு விடுதலை எந்தத் தேதியில் கிடைத்தது? ஒரு தேதியைச் சொல்லி முடித்துவிட முடியாது. எல்லா இடத்திலும் இரண்டு தேதிகள் இருக்கின்றன. விடுதலை என்று காகிதத்தில் எழுதிய தேதி ஒன்று. அது உண்மையாகவே மக்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். தாள்களை மாத வரிசையில் புரட்டுகிறேன். அதனால் ஆண்டுகள் முன்னும் பின்னுமாக வரும், கவனமாகப் பாருங்கள்.

ஜனவரி 1: பரங்கிக்காய் சூப் குடிக்கும் நாள்

கரீபியன் கடலில் ஹைட்டி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் சூப் மணக்கும். அவர்களுக்கு அது புத்தாண்டு மட்டுமல்ல, சுதந்திர நாளும்கூட.

அன்று ஹைட்டி பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. பெயர் செயின்ட் டொமிங்கு. ஐரோப்பா குடித்த காபிக்கும், அதில் போட்ட சர்க்கரைக்கும் பெரும் பங்கு அங்கிருந்துதான் போனது. சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் உழைத்தார்கள். 1791 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். விடிந்தால் ஆகஸ்ட் 23. வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன.

கிளர்ச்சி அடங்கவில்லை. 1794-ல் பிரெஞ்சு அரசே இறங்கிவந்து, தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்தது. அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. எட்டே ஆண்டுகளில் நெப்போலியன் மனம் மாறினார். அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர 1802-ல் சட்டம் செய்து, கடல் தாண்டிப் பெரும்படையையும் அனுப்பினார். காகிதத்தில் கொடுத்ததைக் காகிதத்தாலேயே பிடுங்கப் பார்த்தார்!

மக்களுக்குத் தலைமை தாங்கிய டூசான் லூவர்ச்சர் ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர். குதிரை வண்டி ஓட்டியவர். பேச்சுவார்த்தைக்கு வா என்று அழைத்து அவரைக் கைது செய்தார்கள். பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7-ல் அவர் அங்கேயே இறந்தார். ஆனால் அவருடைய மக்கள் போரை விடவில்லை. பிரெஞ்சுப் படையை மஞ்சள் காய்ச்சலும் வாட்டியது. 1803 நவம்பரில் அந்தப் படை தோற்றது. 1804 ஜனவரி 1-ல் தளபதி டெசாலின் சுதந்திரத்தை அறிவித்தார். அந்தத் தீவின் ஆதிகுடிகள் வைத்திருந்த பழைய பெயரையே நாட்டுக்குச் சூட்டினார்கள். ஹைட்டி என்றால் மலைகள் நிறைந்த மண் என்று பொருள்.

அந்தச் சூப் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அடிமைக் காலத்தில் அதைச் சமைத்தவர்கள் கறுப்பின மக்கள், குடித்தவர்கள் முதலாளிகள். சமைத்தவர்கள் தொடக்கூடாது. அதனால் சுதந்திர நாளில் எல்லாரும் அதையே குடிப்பது வழக்கமானது. 2021-ல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தச் சூப்பை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கிளர்ச்சி தொடங்கிய ஆகஸ்ட் 23-ஐ, அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் உலக நாளாகவும் யுனெஸ்கோ கடைப்பிடிக்கிறது.

வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களுடன் திரும்பி வந்தது. 'எங்கள் தோட்டக்காரர்களுக்கு நஷ்டம். 15 கோடி ஃபிராங்க் கொடுத்தால்தான் உங்களை ஒரு நாடாக ஏற்போம்' என்றது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். சாட்டையடி பட்டவர்கள், அடித்தவர்களுக்குப் பணம் கட்டினார்கள். அதற்காக வாங்கிய கடன் அந்த ஏழை நாட்டைத் தலைமுறை தலைமுறையாக அழுத்தியது.

ஜூன் 16: மாணவர்கள் நடந்த நாள்

இப்போது ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு வருவோம். ஆண்டு 1976. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி. நிறத்தை வைத்து மக்களைப் பிரித்து, வெவ்வேறு வீதி, வெவ்வேறு பேருந்து, வெவ்வேறு பள்ளி என்று வைத்திருந்தார்கள். நாட்டில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை இல்லை.

அவர்களுடைய பிள்ளைகளின் வகுப்பில் கூட்டம் நெரியும். போதிய புத்தகம் கிடையாது. இந்த நிலையில் அரசு ஒரு புதிய உத்தரவு போட்டது. கணக்கு, சமூகவியல் போன்ற பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் என்ற மொழியில்தான் நடத்த வேண்டுமாம்! அது ஆட்சியாளர்களின் மொழி. பிள்ளைகள் வீட்டில் பேசியதோ ஜுலு, சோத்தோ, கோசா போன்ற மொழிகள். ஆசிரியர்கள் பலருக்கே ஆஃப்ரிகான்ஸ் சரியாக வராது. புரியாத மொழியில் கணக்கு நடத்தினால் என்ன ஆகும்? கணக்கும் வராது, மொழியும் வராது. பல ஆண்டுகள் கரும்பலகை முன்னால் நின்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன்.

ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய சொவேட்டோ பகுதியில், ஜூன் 16 காலை, ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளிச் சீருடையிலேயே ஊர்வலம் கிளம்பினார்கள். கையில் அட்டைகள், வாயில் பாட்டு. வழியில் காவல் துறை மறித்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள். பிறகு துப்பாக்கியால் சுட்டார்கள்.

சுடப்பட்டவர்களில் ஒருவன் ஹெக்டர் பீட்டர்சன். வயது 12. ஒரு மாணவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, அவனுடைய அக்கா பக்கத்திலேயே கதறிக்கொண்டு ஓடினாள். சாம் என்சிமா என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அந்தக் காட்சியைப் படம் எடுத்தார். போலீஸ் பிடுங்கிவிடக்கூடாது என்று படச்சுருளைக் காலுறைக்குள் ஒளித்துவைத்து அனுப்பினார். அந்த ஒரு படம் உலகத்தையே உலுக்கியது. அவரைப் போலீஸ் விடாமல் தொல்லை செய்தது. அவர் வேலையை விட்டு, ஊரையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று.

போராட்டம் நாடு முழுவதும் பரவியது. அடுத்து வந்த மாதங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், பெரும்பாலானோர் இளைஞர்கள். மொழி உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. ஆனால் ஓட்டுரிமை வர இன்னும் நெடுநாள் ஆயிற்று. 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா 1990 பிப்ரவரி 11-ல் வெளியே வந்தார். 1994 ஏப்ரல் 27-ல் எல்லா இனத்தவரும் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள். வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. தள்ளாத வயதுக்காரர்கள்கூட மணிக்கணக்கில் நின்றார்கள். மண்டேலாவுக்கும் அதுதான் முதல் ஓட்டு. அப்போது அவருக்கு வயது 75! ஓட்டுச்சாவடி எது தெரியுமா? டர்பன் நகருக்கு அருகில் உள்ள ஓலாங்கே பள்ளிக்கூடம்.

ஜூன் 16 இன்று தென்னாப்பிரிக்காவில் இளைஞர் நாள், அரசு விடுமுறை. 1991 முதல் ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் அதை 'ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாள்' என்று கடைப்பிடிக்கின்றன. ஒரே மொழியைத் திணித்த அந்த நாடு, 1996-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. 2023-ல் பன்னிரண்டாவதாகச் சைகை மொழியும் சேர்ந்தது. அதே அரசியல் சட்டத்தில், மதித்துப் போற்ற வேண்டிய மற்ற மொழிகளின் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்! அது எப்படி அங்கே போனது? ஆகஸ்ட் தாள் வரும்போது சொல்கிறேன்.

ஜூன் 19: தொள்ளாயிரம் நாள் தாமதம்

ஜூன் 16-க்கு மூன்றே நாள் கழித்து இன்னொரு முக்கியத் தேதி. ஆனால் ஆண்டு 1865, இடம் அமெரிக்கா.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தனியாகப் பிரிந்து போர் தொடுத்தன. அந்தப் போரின் நடுவில், 1863 ஜனவரி 1-ல், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். பிரிந்துபோன மாநிலங்களில் உள்ள அடிமைகள் எல்லாரும் இன்று முதல் விடுதலை பெற்றவர்கள் என்றது அது. முதல் நாள் இரவு கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கண்விழித்துக் காத்திருந்தார்கள்.

ஆனால் அறிவிப்பு தானாக நடந்து போகுமா? லிங்கனின் படை எந்த ஊருக்குள் நுழைந்ததோ அந்த ஊரில்தான் அது செல்லுபடியானது. டெக்சாஸ் மாநிலம் தென்மேற்கு மூலையில் இருந்தது. படை அங்கே போய்ச் சேரவில்லை. மற்ற மாநில முதலாளிகள்கூடத் தங்கள் அடிமைகளை டெக்சாசுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், விடுதலை எட்டாத இடம் என்று! 1865 ஏப்ரலில் தென் மாநிலங்களின் முதன்மைப் படை சரணடைந்தது. அப்போதும் டெக்சாசில் சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாகவே பருத்தி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

1865 ஜூன் 19 அன்று, கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில், தளபதி கோர்டன் கிரேஞ்சரின் ஆணை வெளியானது. எல்லா அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள். இனி முதலாளி, அடிமை என்பது கிடையாது, கூலி கொடுப்பவர், கூலிக்கு உழைப்பவர் என்பதுதான் உறவு என்றது அந்த ஆணை.

1863 ஜனவரி 1-லிருந்து 1865 ஜூன் 19 வரை எத்தனை நாள்? எண்ணிப் பாருங்கள். 1864 லீப் ஆண்டு என்பதை மறக்காதீர்கள். சரியாக 900 நாட்கள்! அந்தத் தொள்ளாயிரம் நாளும் அந்த மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். சாட்டையடியும் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு முதலே மக்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். 'ஜூன்', 'நைன்டீன்த்' இரண்டு சொற்களையும் ஒட்டி 'ஜூன்டீன்த்' என்று பெயர் வைத்தார்கள். கொண்டாட இடம்? பொதுப் பூங்காக்களில் அவர்களை விடமாட்டார்கள். ஹூஸ்டன் நகரில் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் காசு சேர்த்து, 1872-ல் 10 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாகவே வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

இந்தத் தேதியோடு சேர்த்து ஒரு பாட்டியையும் நினைவில் வையுங்கள். பெயர் ஓபல் லீ. டெக்சாசின் ஃபோர்ட் வொர்த் நகரில் அவருடைய பெற்றோர் வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீடு வாங்கினார்கள். 1939-ல் ஒரு வெறிக்கும்பல் அந்த வீட்டைச் சூறையாடித் தீ வைத்தது. அப்போது ஓபலுக்கு 12 வயது. நடந்த தேதி ஜூன் 19! அவர் வளர்ந்து பள்ளி ஆசிரியை ஆனார். ஜூன் 19-ஐ நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாக்க வேண்டும் என்று கேட்டு, 2016-ல், 89 வயதில், தலைநகர் வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் கிளம்பினார். போகும் ஊர்களில் எல்லாம் இரண்டரை மைல் நடந்தார். ஏன் இரண்டரை? டெக்சாஸ் மக்கள் காத்திருந்த இரண்டரை ஆண்டுகளின் நினைவாக. 2021 ஜூன் 17-ல் குடியரசுத் தலைவர் ஜோ பைடன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, 94 வயது ஓபல் லீ பக்கத்தில் நின்றிருந்தார். தேதி சிவப்பானது!

ஆகஸ்ட் 1: என்ன தொழில் பழக்குவது?

1834 ஆகஸ்ட் 1. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் போன்ற பிரிட்டிஷ் கரீபியன் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அந்தச் சட்டத்துக்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் உடனே விடுதலை. மற்றவர்கள் எல்லாரும் 'தொழில் பழகுநர்'களாம். அதாவது இன்னும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை பழைய முதலாளியிடமே, வாரத்தின் பெரும்பகுதி நேரம், கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும்.

பிறந்தது முதல் கரும்பு வெட்டியவர்களுக்குப் புதிதாக என்ன தொழில் பழக்குவது? டிரினிடாட்டில் அன்றே மக்கள் கேட்டுவிட்டார்கள். ஆளுநர் மாளிகை முன்னால் கூடியவர்களில் பலர் வயதானவர்கள். கையில் ஆயுதம் இல்லை. 'ஆறு ஆண்டு வேண்டாம்' என்று தங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழியில் முழங்கிக்கொண்டே நின்றார்கள். பிரிட்டனிலும் இந்த ஏமாற்றை எதிர்த்துக் கூட்டங்கள் நடந்தன. கடைசியில் இந்த முறையை இரண்டு ஆண்டு முன்கூட்டியே கைவிட்டார்கள். 1838 ஆகஸ்ட் 1-ல் முழு விடுதலை வந்தது. ஜமைக்காவின் ஃபால்மத் ஊரில் முதல் நாள் நள்ளிரவில், ஒரு சங்கிலியையும், சாட்டையையும், கழுத்தில் மாட்டும் இரும்பு வளையத்தையும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்!

விடுதலை செய்ததற்கு பிரிட்டன் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? முதலாளிகளுக்கு! உழைத்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. இன்னொன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் நாட்டுக்கும், இலங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். இந்தியாவில் அடிமை முறைக்கு எதிரான சட்டம் 1843-ல்தான் வந்தது.

விடுதலை பெற்ற மக்கள் பழைய தோட்டங்களில் தங்க விரும்பவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? முதலாளிகளின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். மொரீசியஸ், கயானா, டிரினிடாட் என்று போன அந்தக் கப்பல்கள், தென்னாப்பிரிக்காவுக்கும் போயின. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 அக்டோபரில் கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16-ல் 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலும், பின்னால் சென்னையிலிருந்து போன கப்பல்களிலும் ஏறிய தமிழர்களின் வழிவந்தவர்களால்தான், தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் தமிழின் பெயர் இருக்கிறது. முன்பு கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா?

நவம்பர் 14: ஒரே ஒரு மாணவி

நம் நாட்டில் நவம்பர் 14 என்றால் குழந்தைகள் தினம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுக் குழந்தை ஒருத்தி பள்ளிக்குப் போனாள். பெயர் ரூபி பிரிட்ஜஸ். புதுச் சட்டை, வெள்ளைக் காலுறை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் என்று நான்கு மத்திய அரசுக் காவலர்கள் கூடவே நடந்தார்கள். ஏன் தெரியுமா? பள்ளி வாசலில் பெருங்கூட்டம் நின்று அவளைப் பார்த்துக் கத்தியது. ரூபிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ திருவிழாக் கூட்டம் என்றே நினைத்துக்கொண்டாள்.

அது அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்த பள்ளி. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954 மே 17-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரூபி பிறந்தது அதே 1954 செப்டம்பரில். தீர்ப்பு வந்த பிறகு பிறந்த குழந்தை, வளர்ந்து, பேசி, முதல் வகுப்புக்கு வரும் வயதும் ஆகிவிட்டது. தீர்ப்பு மட்டும் அந்தப் பள்ளி வாசலுக்கு வந்து சேரவில்லை! கடைசியில் அந்தத் தீர்ப்பை உள்ளே கொண்டுபோனதே அவள்தான். அதே நாளில் அதே நகரின் இன்னொரு பள்ளிக்கு மூன்று சிறுமிகள் இப்படியே போனார்கள்.

ரூபி உள்ளே போனதும் வெள்ளைப் பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பாடம் நடத்த அங்கிருந்த ஆசிரியர்கள் முன்வரவில்லை. பாஸ்டன் நகரிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் முன்வந்தார். அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் ஒரே மாணவி, ஒரே ஆசிரியை. ஜன்னலுக்கு வெளியே கூச்சல். உள்ளே எழுத்தும் கணக்கும். ரூபி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

அவள் குடும்பம் கொடுத்த விலை பெரிது. அப்பாவுக்கு வேலை போனது. கடைக்காரர் மளிகை கொடுக்க மறுத்தார். வேறொரு மாநிலத்தில் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த தாத்தா, பாட்டியை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் கைவிடவில்லை. ஒருவர் அப்பாவுக்கு வேலை கொடுத்தார். சிலர் காவலாக அவள் வந்த காருக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். நாளாக நாளாக மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அடுத்த ஆண்டு ரூபியின் வகுப்பில் கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவன் நான். பார்பரா ஹென்றியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரிய சட்டங்கள் கடைசியில் ஒரு வகுப்பறைக் கதவில் வந்துதான் நிற்கின்றன. கதவை யாராவது ஒருவர் திறக்க வேண்டும்.

நவம்பர் 20: மக்கள் தேர்ந்தெடுத்த தேதி

கடைசித் தாள் பிரேசில் நாட்டுக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து மிக அதிகமான அடிமைகள் கொண்டுபோகப்பட்ட நாடு அதுதான்; ஏறத்தாழ 48 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அடிமை முறையை ஒழித்ததும் பிரேசில்தான். 1888 மே 13-ல் இளவரசி இசபெல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் இரண்டே பிரிவுகள். அடிமை முறை ஒழிந்தது என்பது ஒன்று. இதற்கு மாறான சட்டங்கள் செல்லாது என்பது மற்றொன்று. நிலம், வீடு, பள்ளிக்கூடம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுநாள் காலை அந்த மக்கள் வெறுங்கையோடு தெருவில் நின்றார்கள்.

பள்ளிப் புத்தகங்கள் இளவரசியின் மே 13-ஐயே சொல்லிக்கொண்டிருந்தன. கறுப்பின மக்கள் சிலர் யோசித்தார்கள். 'விடுதலையை யாரோ தானமாகக் கொடுத்த நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நாமே போராடிய நாள் ஒன்று இல்லையா?' அவர்கள் தேடி எடுத்த பெயர் ஜும்பி.

பதினேழாம் நூற்றாண்டில், தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் வடகிழக்கு பிரேசிலின் மலைக்காடுகளில் பல்மாரெஸ் என்ற பெயரில் குடியிருப்புகளை அமைத்தார்கள். பனை மரங்கள் நிறைந்த இடம் என்று பொருள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பயிர் செய்து, கோட்டை கட்டி, படையெடுப்புகளைப் பல பத்தாண்டுகள் எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய கடைசித் தலைவர் ஜும்பி. காட்டிக்கொடுக்கப்பட்டு அவர் கொல்லப்பட்ட நாள் 1695 நவம்பர் 20.

1971-ல் போர்த்தோ அலெக்ரே நகரில் ஒரு சிறு குழுவினர் முதன்முதலாக இந்த நாளைக் கடைப்பிடித்தார்கள். 2003-ல் ஒரு சட்டத்தால் அது பள்ளிக் காலண்டரில் ஏறியது. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமான விடுமுறை என்று சட்டம் வந்தது. 2024 நவம்பர் 20-ல் முதன்முறையாக பிரேசில் முழுவதும் அந்தத் தேதி சிவப்பானது. ஜும்பி இறந்து 329 ஆண்டுகளுக்குப் பிறகு!

இந்தத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்

மார்ச் 6, 1957: கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் குடியேற்ற நாடு, குவாமே நிக்ருமாவின் தலைமையில் கானா என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது.

மார்ச் 21, 1960: தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் ஊரில், கறுப்பின மக்கள் எப்போதும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை இந்நாளை இனப் பாகுபாட்டை ஒழிக்கும் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

மே 25, 1963: எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா நகரில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கியது. இது ஆப்பிரிக்க நாள்.

டிசம்பர் 1, 1955: அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். நிறம் பார்த்து இடம் ஒதுக்கும் முறை ஒழிந்தது.

குழந்தைகளே! இந்தத் தாள்களைப் புரட்டியதில் ஒன்று புரிந்திருக்கும். விடுதலை அறிவிப்பு என்பது ஒரு கடிதம் மாதிரி. எழுதிவிட்டால் மட்டும் போதாது. யாராவது தூக்கிக்கொண்டு போய் உரியவர் வீட்டில் சேர்க்க வேண்டும். 12 வயது ஹெக்டரும், 6 வயது ரூபியும், 89 வயது ஓபல் பாட்டியும் அப்படிக் கடிதம் சுமந்தவர்கள்தான். அதற்கு வயது ஒரு தடையில்லை.

இனி உங்கள் பாடப் புத்தகத்தில் 'இந்தத் தேதியில் இந்தச் சட்டம் வந்தது' என்று படித்தால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். 'சரி ஐயா, அது மக்களிடம் எப்போது வந்து சேர்ந்தது? யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? இன்னும் யாருக்கு வந்து சேரவில்லை?' என்று வகுப்பில் கையைத் தூக்கிக் கேளுங்கள். உங்கள் ஆசிரியருக்கு அதைவிட மகிழ்ச்சியான கேள்வி வேறு இருக்காது!

கணக்குப் புதிர்: பிரிட்டிஷ் கரீபியன் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1-லிருந்து 1838 ஆகஸ்ட் 1 வரை மக்கள் காத்திருந்தது எத்தனை நாள்? நடுவில் ஒரு லீப் ஆண்டு உண்டு. போட்டுப் பார்த்த பிறகு விடையைப் பாருங்கள்.

(விடை: 1,461 நாட்கள்)